ஜிஜி பெற்ற கல்வி

சிரித்து மறப்பதற்கென்றே எடுக்கப்பட்டவை எனச் சில படங்களை ஒதுக்கிவிடுகிறோம். 1949-இல் பிரான்சில் வெளிவந்த ‘ஜிஜி’ அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று.

கொலெத் அம்மையார் எழுதி 1944-இல் நூலாக வந்த குறுநாவலே அதன் மூலம். இயக்கியவரும் ஒரு பெண்மணியே. ழாக்லீன் ஓத்ரி என்பது அவர் பெயர். டானியேல் டெலோர்ம் ஜிஜியாக நடித்தார்.

கதை நிகழ்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸ் மாநகரில். செல்வர்களின் ஆசைநாயகியராக வாழ்ந்த பாட்டியும் அவர் உடன்பிறந்தாளும் சிறுமி ஜிஜியையும் அவ்வாழ்வுக்கே பழக்குகின்றனர். விருந்தில் உண்ணும் முறை, மணிகளின் தரம் காணும் முறை ஆகியவை பாடங்கள். அவளோடு சீட்டாடிக் களித்த செல்வன் காஸ்தோன் ஒருநாள் அவளையே வேண்டுகிறான். இல்லம் மகிழ்கிறது, ஜிஜி மறுக்கிறாள்! பின்னர் அன்பு மிகுதியால் இசைகிறாள். அவனோ மனம் மாறி, முறைப்படி மணம் பேசுகிறான்.

1958-இல் அமெரிக்கர் இக்கதையை இசைப்படமாக்கி 9 ஆஸ்கார் பரிசுகள் பெற்றனர். அப்புகழில் பிரெஞ்சுப் படம் மறைந்தது.

பிரெஞ்சுப் பெண்டிருக்கு வாக்குரிமை வழங்கப்பட்டதும் 1944-இல்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. எனினும் ஆசிரியனாக வாழ்ந்த எனக்கு ஒன்று புலனாகிறது: மணியின் விலையைக் கற்பித்தவர்கள் அவள் விருப்பம் யாதெனக் கேட்கவில்லை. எவரும் கற்பிக்காத அந்த ‘மாட்டேன்’ என்னும் சொல்லே அவளைக் காத்தது.