கடவை அகன்ற வரலாறு

தங்காக்கில் இருப்புப்பாதை இல்லை. எனினும் நம் மாணவர் சிகாமட், கிமாஸ் பக்கம் செல்லுங்கால், முன்பு தடுப்புக் கதவின் முன் வண்டிகள் காத்து நின்ற இடங்களில் இன்று மேம்பாலங்களைக் காண்பர். அம்மாற்றத்தின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

கிமாசுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை 1909 இல் நிறைவுற்றது. சாலையும் தண்டவாளமும் பல இடங்களில் ஒரே மட்டத்தில் குறுக்கிட்டன. மாட்டு வண்டிகள் மிகுந்த அக்காலத்தில், பாலம் கட்டுவதைவிட ஒரு கதவும் ஒரு காவலரும் மலிவு. மலாயா இருப்புப்பாதைப் பணியில் தமிழர் பெருந்தொகையினராக இருந்தமையால் 'கேட்டு' என்னும் சொல் நம் பேச்சிலும் ஊன்றிற்று. ஈழத்தமிழில் அதுவே 'கடவை'. கடத்தற்குரிய வழி என்பது அதன் பொருள். நாம் எடுத்துச் செல்லும் கடவுச்சீட்டிலும் அவ்வேரே உள்ளது.

மின்மயமான இரட்டைப் பாதை அந்தப் பழைய கணக்கை மாற்றியது. மணிக்கு 140 கிலோமீட்டர் விரையும் வண்டி நினைத்தவுடன் நிற்காது. ஒரு வண்டி கடந்ததும் சாலையில் இறங்குவோர், மறுபாதையில் வரும் வண்டியைக் காணார். ஆகவே கிமாஸ் – ஜொகூர் பாரு இடையிலான 192 கிலோமீட்டர் இரட்டைப் பாதைத் திட்டத்தில் சாலைகள் மேலேயோ கீழேயோ கொண்டு செல்லப்பட்டன. 2025 இல் அப்பாதையில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது.

காவலர் இருந்தால் போதாதா என்று வினவலாம். அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவைகளை 2019 தொடக்கத்திலேயே இந்தியா ஒழித்தது. ஆயினும் 2025 சூலை 8 அன்று, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில், காவலர் இருந்த கடவையிலேயே பள்ளி வாகனத்தின்மீது தொடர்வண்டி மோதி மாணவர் மூவர் மாண்டனர். அக்கடவையில் கதவையும் சைகையையும் பிணைக்கும் அமைப்பு இல்லை. கதவு மூடினாலன்றி வண்டிக்கு வழி கிட்டாதவாறு செய்வது அவ்வமைப்பே. மனிதக் கவனத்தை மட்டும் நம்பிய இடத்தில் ஒரு பிழையும் உயிரைக் கொள்ளும்.

எனவே கடவை அகன்றமைக்கு நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் மேம்பாலம் ஊர்திக்கு எளிது. நடந்து செல்லும் முதியவருக்கு அது நெடுவழி. அவரையும் கணக்கில் கொண்டால்தான் இப்பணி முழுமையுறும். கதவருகே வாழ்ந்தோரின் சொற்களை மாணவர்கள் இன்றே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவற்றை அறிந்தோர் நாளும் குறைந்து வருகின்றனர்.