ஏரி இருக்கிறது, காடு எங்கே?

ஏரி + காடு = ஏற்காடு. பெயர்க் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் ஏரி உடனே கண்ணில் படுகிறது. காட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். அவர்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். வரி வசூலிக்க வந்த மனிதர் மலையையே வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டார் (காமர்ஸ் படிப்பவனுக்கு இப்படித்தான் தோன்றும், மன்னிக்கவும்). அப்புறம் எஸ்டேட்டுகள் பரவின. காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்கள் கொஞ்சம் தப்பின. அடியில் இருந்த செடிகொடிகள் போயே போயின. நிழலுக்காக ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்கையும் நட்டார்கள். நாம் ‘ஆஹா, காடு!’ என்று போட்டோ எடுப்பது பல இடங்களில் அதைத்தான். போன நூற்றாண்டில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வேறு வெட்டி எடுத்தார்கள்.

அசல் காடு? இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் (கேரளக்காரர்கள் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள்) சாமிக்குப் பயந்து கை வைக்காத கோயில் காடுகளில், துண்டு துண்டாக மிச்சம் இருக்கிறது. நாங்கள் போனபோது அப்படி ஒன்றின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றோம். வெயில் தரையைத் தொடவே இல்லை. பிறகு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதாகிவிட்டது.