கல்கத்தாவும் வியன்னாவும்: ஒரு சதுரங்கத் தற்காப்பின் கதை



சதுரங்கத்தில் முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உரியது. கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடுவோர் தொடக்கத்திலேயே ஓரடி பின்தங்கி நிற்பர். இக்குறையை ஈடுசெய்ய அரண் அமைத்துப் பொறுமையுடன் காத்திருப்பார் உளர். எதிரி விரும்பும் நிலத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்து, பின்னர் அந்நிலத்தையே அவனுக்குச் சுமையாக்குவாரும் உளர். இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த கூர்மையான தற்காப்பு ஒன்றின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன். உலகம் அதனைக் குருன்ஃபெல்டு தற்காப்பு என்று அழைக்கின்றது.

பலகை கையிலுள்ளோர் காய்களை நகர்த்திக்கொண்டே கேட்கலாம். வெள்ளை தன் அரசிக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் செலுத்துகின்றது. கறுப்பு, அரசன் பக்கத்துக் குதிரையை வெளிக்கொணர்கின்றது. வெள்ளை, அரசிப் பக்கத்து மந்திரியின் காலாளையும் இரு கட்டம் செலுத்த, கறுப்பு அரசன் பக்கத்துக் குதிரைக் காலாளை ஒரே கட்டம் நகர்த்துகின்றது. வெள்ளையின் அரசிப் பக்கத்துக் குதிரை வெளிவருகின்றது. அவ்வேளையில் கறுப்பு தன் அரசிக் காலாளை நடுக்களத்தில் இரு கட்டம் பாய்ச்சுகின்றது. இதுவே இத்தற்காப்பின் உயிர்நிலை.

வெள்ளை அக்காலாளை வெட்டும்; கறுப்புக் குதிரை பதிலுக்கு வெட்டும். வெள்ளை தன் அரசனின் காலாளை இரு கட்டம் முன்னேற்றி அக்குதிரையைத் துரத்தும். குதிரைகள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டபின் பார்த்தால், நடுக்களம் முழுதும் வெள்ளைக்கே சொந்தம்போல் தோன்றும். வகுப்பில் சதுரங்கம் கற்பித்த காலத்தில், நடுக்களத்தைக் காலாள்களால் பிடிக்கவேண்டும் என்பதே மாணவர்க்கு நான் கூறிய முதற்பாடம். அப்பாடத்தை மட்டும் அறிந்தவன் இந்நிலையைக் கண்டால் கறுப்பு தோற்றுவிட்டது என்றே முடிவு கட்டுவான். ஆயின், மூலையருகே அமரும் கறுப்பு மந்திரி நீண்ட கோணவழியே அந்நடுக்களத்தைக் குறிவைக்கின்றது. கறுப்பின் அரசிப் பக்கத்து மந்திரிக் காலாள் பாய்ந்துவந்து அதன் அடித்தளத்தை இடிக்கின்றது. வெள்ளை கட்டிய கோட்டைக்கு ஓயாத காவல் வேண்டியதாகின்றது. காவலில் ஒரு நொடி தளர்ந்தால் கோட்டை சரியும். காவல் நிலைத்தாலோ கறுப்பு நசுங்கும். இருபுறமும் கூரிய கத்தி என்று இதனைச் சொல்வது பொருந்தும்.

எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு 1893இல் பிறந்த வியன்னா நகரத்தவர். இளமையிலேயே ஒரு காலை இழந்தவர். ஆட்டத் தொடக்கங்களைத் தொகுத்து ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்டவர். 1922இல் இத்தற்காப்பைப் போட்டிக் களத்திற்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே வியன்னாவில், பின்னர் 1927இல் உலக வாகையராகவிருந்த அலெகினை இதனைக் கொண்டே வென்றார். காலமும் அவருக்குத் துணைநின்றது. நடுக்களத்தில் காலாள்களை நிறுத்தாமலே, தொலைவிலிருந்து காய்களால் அதனை ஆளலாம் என்று ரெட்டி, நிம்சோவிச் முதலிய இளைஞர்கள், முதல் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் வாதிட்டுவந்த காலம் அது.

எனினும் இந்நகர்த்தல்கள் பலகையில் முதன்முதல் தோன்றியது வியன்னாவில் அன்று. 1855ஆம் ஆண்டு மே மாதம், கல்கத்தாவில், ஜான் காக்ரன் என்னும் ஸ்காத்லாந்து வழக்குரைஞருக்கு எதிராக மகேச சந்திர பானர்ஜி என்னும் வங்காள அந்தணர் இதே நகர்த்தல்களை ஆடியிருக்கின்றார். காக்ரன் சாமானியர் அல்லர். இங்கிலாந்தின் முதல்தர ஆட்டக்காரருள் ஒருவர். நாட்டுப்புறத்தில் தோல்வியே அறியாத ஓர் அந்தணர் இருக்கின்றார் என்று கேள்வியுற்று, 1848 அளவில் அவரைத் தேடிக் கண்டு, கல்கத்தாச் சதுரங்கக் கழகத்திற்கு அழைத்துவந்தவர் அவரே. இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர். காக்ரன் குறித்துவைத்ததாலேயே அவை நமக்குக் கிடைத்தன. நம் நாட்டுப் பழைய முறையில் காலாளுக்கு முதலில் இரு கட்டம் பாயும் உரிமை இல்லை. காலாள்களைச் சிற்றடியாக நகர்த்தி, மந்திரியை ஓரத்தில் அமர்த்தும் பழக்கம் அம்முறையிலிருந்து வந்தது என்பர். அவ்வகை ஆட்டங்களுக்கு 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் 1884இலேயே அச்சேறிவிட்டது.

அப்படியாயின் இத்தற்காப்பிற்குப் பானர்ஜியின் பெயரையன்றோ சூட்டவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அக்கட்சியில் நான் சேரேன். அந்த 1855ஆம் ஆண்டு ஆட்டத்தில் வென்றவர் காக்ரன். அரசியைப் பலியிட்டு, கறுப்பு அரசனை அதன் யானையாலேயே அடைத்து, குதிரையால் முடித்தார். அழகிய முடிவு! தோல்வி ஒரு குறையன்று. ஆயினும் இன்ன காரணத்தால் இந்நகர்த்தல் நன்று என்று ஆய்ந்து, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் முன் மெய்ப்பித்தவர் குருன்ஃபெல்டே. அவர் பெயர் நிற்பது முறை. பானர்ஜியின் ஆட்டங்கள் நம் இளைஞர்க்குத் தெரியாதிருப்பதுதான் முறையன்று. 'இந்தியத் தற்காப்பு' என்று நாள்தோறும் சொல்லும் நாவுகள், அச்சொல்லுக்குக் காரணமான மனிதரின் பெயரைச் சொல்வதில்லை.

பின்வந்த புகழை விரித்துரைக்க நேரமில்லை. 1956 அக்டோபரில் நியூயார்க் நகரில், பதின்மூன்று வயதுச் சிறுவராகிய பாபி ஃபிஷர், டொனால்டு பைர்னுக்கு எதிராகக் கறுப்பில் ஆடி, பதினேழாம் நகர்த்தலில் அரசியையே விட்டுக்கொடுத்து வென்றார். 'நூற்றாண்டின் ஆட்டம்' எனப் போற்றப்படும் அதன் தொடக்கமும் குருன்ஃபெல்டே.

நம் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்தும் இக்கத்தியின் இருபுறத்தையும் கண்டவர். 2010இல் சோபியா நகரில், டோபலோவுடன் நடந்த உலக வாகைப் போட்டியின் முதல் ஆட்டத்தில் கறுப்பில் இதனையே ஆடினார். முன்பே ஆய்ந்துவைத்த நகர்த்தல்களின் வரிசை நினைவில் சற்றே பிறழ்ந்தது. டோபலோவ் குதிரையைப் பலியிட்டு முப்பது நகர்த்தல்களில் வென்றார். ஆனந்த் தளரவில்லை. பன்னிரண்டு ஆட்டங்களின் முடிவில் ஆறரைக்கு ஐந்தரை என்னும் கணக்கில் வாகை அவருக்கே நிலைத்தது. நான்காண்டு கழித்து, 2014இல் சோச்சி நகரில், மாக்னஸ் கார்ல்சன் இதே தற்காப்பைக் கறுப்பில் எடுக்க, ஆனந்த் வெள்ளையில் அமர்ந்து அதனை எதிர்கொண்டார். அந்த முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.