தூக்கத்தில் கனவை நடித்தல்: முதியோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

உறங்கும்போது உங்கள் தந்தையோ கணவரோ கத்துகிறாரா? கனவில் யாருடனோ சண்டையிடுவதுபோல் கைகளை வீசுகிறாரா? அருகில் படுத்திருப்பவருக்கு அடிபடுகிறதா? இதனைக் களைப்பு, கெட்ட கனவு, காற்று சேட்டை என்று எண்ணிப் பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால், மருத்துவர் அறிய வேண்டிய முக்கியமான அறிகுறியாகும். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே இது தோன்றக்கூடும்.

இந்தக் கோளாறு என்பது என்ன?

நமது தூக்கம் பல நிலைகளைக் கொண்டது. அவற்றுள் கண்கள் வேகமாக அசையும் ஒரு நிலையில்தான் தெளிவான கனவுகள் பெரும்பாலும் தோன்றுகின்றன. அந்நேரத்தில் மூளைத்தண்டிலிருந்து செல்லும் கட்டளைகள் கை கால் தசைகளைத் தளர்த்தி வைக்கின்றன. ஆகையால் கனவில் ஓடினாலும் உடல் அசைவதில்லை. இந்தத் தடுப்பு பழுதுபடும்போது, கனவில் செய்வதை உடலும் செய்யத் தொடங்குகிறது. இதுவே கனவுத் தூக்க நடத்தைக் கோளாறு. மருத்துவ அறிக்கைகளில் இது ஆர்.பி.டி. என்று குறிக்கப்படும்.

இதன் இயல்புகள்:

• பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில், விடியலை ஒட்டி நிகழும்.
• கண்கள் மூடியிருக்கும். கத்துதல், குத்துதல், உதைத்தல், படுக்கையிலிருந்து பாய்தல் ஆகியவை காணப்படும்.
• எழுப்பினால் விரைவில் தெளிவு பெறுவார். யாரோ துரத்தியதாகவோ விலங்கு தாக்கியதாகவோ கனவைக் கூறுவார்.
• தூக்கத்தில் நடப்பது இதனின்று வேறானது. அது பொதுவாக இரவின் முற்பகுதியில் நிகழும். எழுப்பினால் குழப்பம் இருக்கும்.

இதனை அறிவியல் எவ்வாறு கண்டறிந்தது?

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் மிஷேல் ஜூவே 1960களில் பூனைகளிடம் ஆய்வு நடத்தினார். மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதி சேதமுற்ற பூனைகள், உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைத் தாக்குவதுபோல் நடந்துகொண்டன. உறக்கத்தில் உடலை அடக்கி வைக்கும் தனி அமைப்பு மூளையில் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மருத்துவர்கள் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் ஆகியோரின் குழு, இதே நிலையை மனிதர்களிடம் கண்டு 1986இல் வெளியிட்டது. அந்த முதல் அறிக்கையில் இடம்பெற்றவர்கள் ஐந்து பேர் மட்டுமே. பின்னர் இக்கோளாறு கொண்ட, 50 வயதைக் கடந்த 29 ஆண்களை அக்குழு தொடர்ந்து கவனித்தது. 1996இல் அவர்களுள் 11 பேருக்கு நடுக்குவாத அறிகுறிகள் தோன்றியிருந்தன. தொடர்ந்து கவனிக்க முடிந்த 26 பேரில் 21 பேருக்கு நடுக்குவாதமோ மறதி நோயோ ஏற்பட்டிருந்தது என்று 2013இல் அறிவிக்கப்பட்டது.

பல நாடுகளின் 24 மையங்களில் 1,280 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் நூறு பேரில் சுமார் ஆறு பேர் என்ற அளவில் நரம்புச் சிதைவு நோய் வெளிப்படுவதாக அது காட்டியது. இவை தூக்க மருத்துவ மையங்களை நாடி வந்து, கோளாறு உறுதி செய்யப்பட்டவர்களின் கணக்குகள். எப்போதாவது தூக்கத்தில் உளறும் அனைவருக்கும் இவை பொருந்தா.

இரண்டிற்கும் என்ன தொடர்பு?

ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் நரம்பணுக்களில் திரண்டு படிவதே நடுக்குவாதத்திலும் லூவி உருண்டை மறதி நோயிலும் காணப்படும் அடிப்படை மாற்றம். பலரிடம் இப்படிவு மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே பரவுகிறது. கனவின்போது தசைகளை அடக்கும் நரம்பணுக்கள் அப்பகுதியில் இருப்பதால், கை நடுக்கத்திற்கு முன்பே தூக்கம் பாதிக்கப்படுகிறது. வாசனை உணர்வு குறைதல், நாட்பட்ட மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவையும் உடன் காணப்படலாம்.

இரவுப் பணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் பல குடும்பங்கள் ஷிப்ட் முறையில் வாழ்கின்றன. இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்து அறிதல் வேண்டும்.

முதலாவது, ஷிப்டில் பணிபுரியும் இளையோர். பணி நேரம் மாறுவதால் தூக்கம் குறைந்து, கனவு கலைந்து, உளறல் ஏற்படலாம். இதனை மட்டும் கொண்டு நரம்பு நோய் வருமென அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் தூக்கக் குறைவைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு. பிரிட்டன் அரசு ஊழியர் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஐம்பது வயது முதல் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களிடம், ஏழு மணி நேரம் உறங்கியவர்களைவிட மறதி நோய் சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. குறைந்த தூக்கமே அதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. எனினும் இரவுப் பணி முடிந்து வருபவருக்குப் பகலில் இருளும் அமைதியும் உள்ள இடத்தில் உறங்க வழி செய்தல் நலம் தரும்.

இரண்டாவது, வீட்டில் உள்ள முதியோர். இவர்களுள் பலர் முன்பு வயலில் உழைத்தவர்கள். 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், வேளாண் தொழில், பூச்சிக்கொல்லித் தொடர்பு, தலைக்காயம், புகைபிடித்தல் ஆகியவை இக்கோளாறு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. மருத்துவர் கேட்கும்போது இந்த விவரங்களைத் தவறாமல் கூறுங்கள்.

மருத்துவரிடம் யார் செல்ல வேண்டும்?

நோயாளிக்குத் தாம் இரவில் செய்வது பெரும்பாலும் தெரியாது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனோ மகளோ அந்நேரம் இரவுப் பணியில் இருந்திருக்கலாம். உண்மையில் கண்டவர் அருகில் படுத்திருக்கும் துணைவர்தாம். ஆகவே அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வர இயலாவிட்டால், கைப்பேசியில் எடுத்த காணொளியையும் கீழ்க்கண்ட குறிப்புகளையும் கொண்டு செல்லுங்கள்:

• எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை இரவு, எந்த நேரத்தில்?
• யாருக்கேனும் காயம் ஏற்பட்டதா?
• பலத்த குறட்டையோ மூச்சு நின்று திணறலோ உண்டா?
• உட்கொள்ளும் மருந்துகள், மதுப்பழக்கம் ஆகியவற்றின் முழு விவரம்.
• நடை மெதுவாதல், கையெழுத்து சிறுத்தல், மறதி, இல்லாதது கண்ணுக்குத் தெரிதல் ஆகியவை உண்டா?

தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், இரவில் வரும் வலிப்பு ஆகியவையும் இதுபோல் தோன்றும். சில மனச்சோர்வு மருந்துகளாலும், மதுவைத் திடீரென நிறுத்துவதாலும் இந்நிலை ஏற்படலாம். எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

ஓர் இரவு முழுவதும் மூளை அலை, தசை இயக்கம், மூச்சு ஆகியவற்றைக் காணொளியுடன் பதிவு செய்யும் தூக்க ஆய்வின் மூலமே இக்கோளாறு உறுதி செய்யப்படுகிறது. மெலடோனின், குளோனாசிபாம் ஆகிய மருந்துகள் இரவு அசைவுகளைக் குறைக்கப் பயன்படுகின்றன. குளோனாசிபாம் முதியோருக்குத் தள்ளாட்டத்தையும் மூச்சுத் தடையையும் மிகுவிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கித் தரக் கூடாது.

பின்னர் வரக்கூடிய நரம்பு நோயைத் தடுக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அப்படியெனில் முன்கூட்டியே அறிவதால் என்ன பயன்? காயங்களைத் தவிர்க்கலாம். ஆண்டுதோறும் நரம்பியல் பரிசோதனை செய்து, நோய் தோன்றினால் தொடக்கத்திலேயே சிகிச்சை பெறலாம். மேலும், லூவி உருண்டை மறதி நோய் உள்ளவர்களுக்கு மனக்குழப்பத்தைத் தணிக்கத் தரப்படும் சில மருந்துகள் கடும் தீங்கு விளைவிக்கும். எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும் இக்கோளாறு இருப்பதை முதலிலேயே தெரிவியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• கட்டிலைத் தவிர்த்துத் தரையில் மெத்தை விரித்துப் படுக்கச் செய்யுங்கள். கட்டில் தேவையெனில் சுவரோரம் போட்டு, மறுபுறம் தரையில் மெத்தை இடுங்கள்.
• அரிவாள்மனை, கண்ணாடிப் பொருள்கள், மேசை மின்விசிறி ஆகியவற்றைப் படுக்கைக்கு அருகில் வைக்காதீர்கள்.
• ஒரே அறையில் உறங்கும் குடும்பமாயின், குழந்தைகளைத் தள்ளிப் படுக்க வையுங்கள். துணைவருக்கும் தனிப் பாய் நல்லது.
• அசைவு தொடங்கினால் உடலைப் பிடித்து அடக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.
• காலையில் அவரைக் குற்றம் சாட்டாதீர்கள். அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை.

எங்கு அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையையோ அணுகி, நரம்பியல் மருத்துவருக்குப் பரிந்துரை பெறுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உள்ளது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்ற தொழிலாளர்கள், தம்மைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அத்திட்டத்தில் சிகிச்சை பெற இயலுமா என இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டறியலாம்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், மன உளைச்சலுக்கு ஆளான பராமரிப்பாளர்கள் 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம். தலையில் அடிபட்டாலோ, திடீர்க் குழப்பம், வலிப்பு, ஒருபுறம் கை கால் செயலிழத்தல் ஆகியவை தோன்றினாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் குடும்பத்தினரின் நிலையை மருத்துவரே பரிசோதித்து முடிவு செய்தல் வேண்டும்.