கஜானாவின் தம்பி

அரசாங்கக் கஜானா, பெட்டிக்கடையில் தொங்கும் மேகசின், காவலர் துப்பாக்கியின் அடியில் செருகிய மேகசின்: மூன்றும் ஒரே குடும்பம். அரபியில் ‘கஸன’ என்றால் சேர்த்துவைத்தான் என்று பொருள். அந்த வேரிலிருந்து பிறந்த ஒரு சொல் பாரசீகம், உருது வழியாக வந்து நமக்குக் கஜானா ஆயிற்று. சேமிக்கும் இடத்தைக் குறித்த ‘மக்ஸன்’ இத்தாலியையும் பிரான்சையும் சுற்றிக்கொண்டு இங்கிலாந்து போய் மேகசின் ஆயிற்று. (மகசூலை இதில் சேர்த்துவிடக் கூடாது. அதுவும் அரபுதான், வேர் வேறு.)

பிரான்சில் ‘மகஸான்’ இன்று வெறும் கடை. ஆங்கிலத்திலோ அது முதலில் சரக்குக் கிடங்கு, பிறகு குறிப்பாக வெடிமருந்துக் கிடங்கு. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’தான் அந்தப் பெயரைப் பத்திரிகைக்கு ஒட்டவைத்தது, அதுவும் பலசரக்குக் கிடங்கு என்ற பொருளில். கிடங்கு துப்பாக்கிக்குள் நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஸ்பென்சர் துப்பாக்கியில் தோட்டாக்குழாய் கட்டைக்குள் இருந்தது. ஹென்றியில் குழலுக்கு அடியில். கழற்றக்கூடிய பெட்டி வடிவத்துக்கு 1879இல் காப்புரிமை வாங்கியவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ.

கழற்ற முடியும் என்றானதும் புதுத் தலைவலி. ஒரு துப்பாக்கியின் பெட்டி இன்னொன்றில் உட்காருமா?

லீயின் பெயரைத் தாங்கிய லீ-என்ஃபீல்டில் அந்தக் கேள்வியே பெரிதாக எழவில்லை. மேகசினைக் கழற்றலாம், ஆனால் சிப்பாய் கழற்ற மாட்டார். ஐந்து ஐந்து தோட்டாவாகக் கோத்த பட்டையை மேலிருந்து அழுத்தி நிரப்பிக்கொள்வார். தொடக்ககால மாடல்களில் மேகசினைத் துப்பாக்கியோடு சங்கிலிக் கண்ணியால் பிணைத்தே வைத்திருந்தார்கள். வேறு மேகசின் மாட்டித் தோட்டா ஏறவில்லை என்றால், படையின் ஆயுத மெக்கானிக் அதன் உதடுகளை இம்மி வளைத்துச் சரிசெய்வார். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைப்பது மாதிரிதான்.

உதடு என்பது மேகசினின் வாயில் தோட்டாவைக் கவ்வி நிற்கும் இரண்டு தகட்டு விளிம்பு. மேகசின் சற்றுத் தாழ உட்கார்ந்தால் போல்ட் தோட்டாவைத் தள்ளாமல் அதன் தலைக்கு மேலேயே ஓடிவிடும். சற்று உயர்ந்தால் உதட்டில் உரசும். உயரத்தை முடிவுசெய்வது ஒரே பாகமல்ல: பூட்டுக் கொக்கி, அது மாட்டும் பள்ளம், துப்பாக்கியின் உடல். ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. விலகலாம் என்று வரைபடம் விட்டுக்கொடுத்தால், மூன்றும் ஒரே பக்கம் சாயும்போது 0.3 மி.மீ. ஆகிவிடும். தனித்தனியாக அளந்தால் ஒரு பாகத்திலும் குற்றம் இருக்காது.

இந்த விட்டுக்கொடுப்புக்குப் பட்டறையில் ‘டாலரன்ஸ்’ என்று பெயர். லத்தீனில் அதன் வேருக்குத் தாங்கு, பொறு என்று பொருள். தமிழில் ‘பொறுதி’ என்றால் அப்படியே பொருந்தும். இங்கே நம் மொழி ஒரு விளையாட்டும் காட்டுகிறது: பொறுத்தலுக்கும் பொருத்தலுக்கும் நடுவே ஒரு றகரம்தான். வேர்கள் வேறு என்று இலக்கணக்காரர்கள் கடிந்துகொள்ளலாம்; லேத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே வேலை.

ஆனால் எல்லாப் பொருத்தமின்மையையும் பொறுதியின் தலையில் கட்டக் கூடாது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் ‘ஃபால்’ துப்பாக்கியை மில்லிமீட்டரில் வரைந்தது. பிரிட்டனும் அதன் கூட்டாளி நாடுகளும் அதையே அங்குலத்தில் வரைந்துகொண்டன. மேகசினின் முன்பக்கத்தில், முதலில் மாட்ட வேண்டிய மூக்கு, பெல்ஜிய வகையில் தகட்டிலேயே அழுத்திய சின்னப் புடைப்பு. பிரிட்டிஷ் வகையில் தனியே ஒட்டிய தடித்த துண்டு. அதனால் அங்குல மேகசின் மில்லிமீட்டர் துப்பாக்கியில் ஏறாது. மில்லிமீட்டர் மேகசின் அங்குலத் துப்பாக்கியில் ஏறும், ஆனால் ஆடும். 1982 ஃபாக்லாந்துப் போரில் அர்ஜென்டினாவின் கையில் ஒரு வகை, பிரிட்டனின் கையில் மற்றது. எதிரெதிரே நின்றவை அண்ணன் தம்பித் துப்பாக்கிகள்.

இந்தக் குழப்பம் வேண்டாமென்று நேட்டோ நாடுகள் 1980இல் எம்-16 துப்பாக்கி மேகசினின் அளவைப் பொதுவாக்க முயன்றன. வரைவு வரைவாகவே நின்றது. நாடுகள் மட்டும் அந்த அளவைப் பின்பற்றின. பின்னாளில் அமெரிக்காவின் மேக்பல் நிறுவனம் வார்த்த பிளாஸ்டிக் மேகசினான பி-மேக், எம்-16 குடும்பத்தில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் அதே அளவைப் பின்பற்றிய பிரிட்டனின் எஸ்.ஏ.80 துப்பாக்கிக்குள் போகவில்லை. அதற்காக வெளிப்புற வடிவத்தை மாற்றி இன்னொரு மேகசின் வார்த்தார்கள். இ-மேக் என்று பெயர். ‘இ’ என்பது எக்ஸ்போர்ட், அதாவது ஏற்றுமதி.