ஈப்போ நீதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்? ஓட்டு போட முடியுமா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் நீதிபதி பதவிக்கும் போஸ்டர் ஒட்டி, மேடை போட்டு ஓட்டு கேட்பார்கள். நம் நாட்டில் அது கிடையாது. பேராக்கில் நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஓட்டு போடலாம். ஈப்போ கோர்ட்டில் உங்கள் கேஸை விசாரிப்பவருக்குப் போட முடியாது.

ஆனால் உங்கள் வாழ்க்கையை அதிகம் தொடுவது அவர்தான். மகன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டால் இழப்பீட்டு வழக்கு பெரும்பாலும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத்தான் போகும். மற்ற சிவில் வழக்குகளுக்கு அங்கே 10 லட்சம் ரிங்கிட் வரை என்று வரம்பு உண்டு. சாலை விபத்துக்கும், வீட்டுக்காரர் - வாடகைக்காரர் தகராறுக்கும் அந்த வரம்பு இல்லை. குற்ற வழக்கில், மரண தண்டனைக்குரியவை தவிர மற்ற எல்லாவற்றையும் அது விசாரிக்கலாம்.

செஷன்ஸ் நீதிபதியை மலாயா தலைமை நீதிபதியின் பரிந்துரையின் பேரில் மாமன்னர் நியமிக்கிறார். மாஜிஸ்திரேட்டை அதே பரிந்துரையில் மாநிலம் நியமிக்கிறது. உயர்நீதிமன்ற நீதிபதிக்கு வழி வேறு: பிரதமரின் ஆலோசனை, ஆட்சியாளர்கள் மாநாட்டின் கருத்து, 2009 முதல் நீதித்துறை நியமன ஆணையத்தின் தேர்வு.

இந்தப் படிகளில் ஒருவர் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதற்கு நம்ம பேராக்கிலேயே ஓர் ஆள் உண்டு. 1928-ல் பத்து காஜாவில் பிறந்த ராஜா அஸ்லான் ஷா, இங்கிலாந்தில் சட்டம் படித்துத் திரும்பி, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஆனார். பிறகு சிரம்பானிலும் தைப்பிங்கிலும் செஷன்ஸ் நீதிமன்றத் தலைவர். அதன் பின் அரசு தரப்பு வழக்கறிஞர், பகாங் மாநிலச் சட்ட ஆலோசகர். 1965-ல், 37 வயதில், உயர்நீதிமன்ற நீதிபதி. 1982-ல் நாட்டின் தலைமை நீதிபதி. அன்றைக்கு அந்தப் பதவிக்கு லார்ட் பிரெசிடென்ட் என்று பெயர். 1984-ல் பேராக் சுல்தான்.

அவர் வாழ்க்கையில் ஒரு தேர்தலும் வந்தது. மாமன்னரை ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் ரகசிய வாக்கில் தேர்வு செய்கிறார்கள். குறைந்தது ஐந்து ஓட்டு வேண்டும். அப்படித் தேர்வாகி 1989 ஏப்ரல் முதல் 1994 ஏப்ரல் வரை அவர் மாமன்னராக இருந்தார். கோர்ட்டில் உட்கார்ந்த காலத்தில் அவருக்கு யாரும் ஓட்டு போட்டதில்லை.

அவருடைய ஆரம்ப காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே ஆள் முதலில் நீதிபதி, பிறகு அரசு தரப்பு. இரண்டு வேலைக்கும் ஆட்கள் நீதி, சட்டச் சேவை என்ற ஒரே சேவையிலிருந்து வந்ததால்தான் இப்படி மாற முடிந்தது. அந்தச் சேவையின் ஆணையத்தில் சட்டத்துறைத் தலைவரும் ஓர் உறுப்பினர். இன்று கேஸ் நடத்துபவர் நாளை தீர்ப்பு சொல்பவராக வரலாமா என்று வழக்கறிஞர்கள் பல காலமாகக் கேட்டு வந்தது இதனால்தான். நியாயமான கேள்விதான். உயர்நீதிமன்ற நீதிபதிக்கு 66 வயது வரை பதவி உறுதி. அவரை நீக்க அரசியலமைப்புப்படி தனி நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். செஷன்ஸ் நீதிபதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கங்காணி, கிராணி, துரை என்று யாரையாவது பிடித்துக் காரியம் முடிப்பது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகும், "யாராவது ஒய்பி சொன்னா நடக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடக்காது, நடக்கவும் கூடாது. நடந்து கொண்டிருக்கும் வழக்கில் ஒய்பி நீதிபதியிடம் பேசுவது உங்கள் வழக்கையே கெடுக்கும்.

செஷன்ஸ் தீர்ப்பு பிடிக்கவில்லையா? பொதுவாக 14 நாளுக்குள் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எழுத்து வடிவில் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; தீர்ப்பு சொன்ன நாளிலிருந்தே கணக்கு ஓடும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் அந்த வாரமே சட்ட உதவித் துறைக்குப் போய், தங்கள் வழக்குக்கு உதவி கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.