பஅலின் மரணமும் பள்ளிப்படையும்

திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் குறிப்பிடும் 'பஅல்' என்னும் தெய்வத்தின் புராணம், சிரியாவின் உகாரித்தில் 1929இல் தொடங்கிய அகழாய்வில் களிமண் பலகைகளில் கிடைத்தது. அதில் 'மோத்' பஅலை விழுங்குகிறான். தங்கை அனாத் உடலை அடக்கம் செய்கிறாள். பின்னர் பஅல் மீள்கிறான். மோத் என்பது அரபியின் 'மவ்த்' (மரணம்) என்பதே.

கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த மன்னன் நிக்மத்துவின் ஈமச்சடங்கைக் கூறும் பலகையோ, அவன் மீள்வான் என்று சொல்லவில்லை. மூதாதையரைப் பெயர் சொல்லி அழைத்து, ஏழு முறை காணிக்கையிட்டு, அடுத்து அரியணை ஏறிய அம்முராபிக்கும் நகருக்கும் 'ஸலாம்' வேண்டி முடிகிறது. மாண்டவனுக்குரிய சடங்கு ஆள்பவனின் உரிமையை நிலைநாட்டிற்று.

சோழர் பள்ளிப்படைகளிலும் இதன் சாயலுண்டு. ஆற்றூரில் மறைந்த அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் முதலாம் இராசராசன் கோயில் எடுத்தான். வழிபாடு சிவலிங்கத்திற்கே, பாட்டன் பெயர் ஈசுவரத்தின் அடைமொழியாயிற்று. மாண்ட மன்னனைத் தெய்வமென்று துணிவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.